குளிப்பாட்டிக் கூட்டிப்போன வண்டி

வண்டியின் குறையை வண்டிக்குக் கேட்கும்படி சொல்லக் கூடாது. அது அக்கா வைத்த சட்டம். மெக்கானிக்கிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவரைக் கைகாட்டி அழைத்து, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்து டீக்கடை வரைக்கும் கூட்டிப்போய், அங்கே நின்று தணிந்த குரலில் சொல்வார். அங்கேயும் முழுசாகச் சொல்லமாட்டார்.

"ஒண்ணும் இல்ல பாய். லேசா சூடாவுது. வெயில் அப்படி அடிக்குதில்ல, அதான்."

இதைச் சொன்னது ஆடி மாசத்தில். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தலைக்கு முக்காடு இழுத்துக்கொண்டு, தூறலில் நின்று சொன்னார். பாய் ஒரு தடவை வானத்தைப் பார்த்தார், ஒரு தடவை அக்காவைப் பார்த்தார்.

மர்பி டவுனில் அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். கூடப் பிறந்தவர் இல்லை. ஆனால் என் வீட்டுக்காரர் போன பிறகு என்னை வெளியே அழைத்துப்போனவர் அவர்தான். எனக்கு நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் வராது. கடையில் உப்பு கேட்பதற்குக்கூட, முன்னால் நிற்கிறவர்கள் எல்லாம் போகட்டும் என்று காத்திருப்பேன். அக்கா அப்படி இல்லை. எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவார். அறுபது வயசு தாண்டிய என்னைத் தெருவில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "பாப்பா" என்று கூப்பிடுவார். பேச்சுக்கு அவரிடம் பஞ்சமே கிடையாது. ஆனால் யாருடைய குறையையும், எதனுடைய குறையையும், அவர் வாயிலிருந்து வரவழைக்க முடியாது.

எங்கள் தெருவில் ஒரு செவலை நாய் இருந்தது. கூரியர் கொண்டுவந்த பையனின் காலைப் பிடித்துவிட்டது. அவன் பேண்டைத் தூக்கிக் காட்டுகிறான், ரத்தம் வருகிறது.

அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "கடிக்கலப்பா அது. பேசிக்கினே வந்துச்சு, பல்லு பட்டுடுச்சு" என்றார்.

அவனை ஆட்டோவில் ஏற்றி ஊசி போடக் கூட்டிப்போனவரும் அக்காதான். ஆனால் அந்த நாய் கடித்தது என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லவில்லையாம்.

ஒருநாள் என் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. அதையும் சாப்பிட்டுவிட்டு, "மெட்ராஸ் பக்கத்து ருசி வந்துடுச்சு பாப்பா" என்றார். அதற்குப் பிறகு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். குடித்தது எனக்குத் தெரியக் கூடாது என்று சமையற்கட்டுக்குள் போய்க் குடித்தார்.

அந்த வண்டி ஒரு வெள்ளைக் கார், மாமாவுடையது. மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். ஒரு கம்பெனியில் டிரைவராக இருந்தார். அவர் வேலையை விட்ட சமயத்தில் கம்பெனி கழித்துக்கட்டிய கார் அது. வேறு யாரும் தொடக் கூடாது என்று அவரே வாங்கி வந்துவிட்டார். அக்காவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அதில்தான். பிறகு ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. நடக்க முடியாமல் போனதோடு பேச்சும் போனது. பேச்சு என்றால் எல்லாமும் போகவில்லை. "நாயே" என்கிற ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ தங்கிவிட்டது.

தெருவில் சின்னப் பிள்ளைகளைக்கூட வாங்க போங்க என்று அழைத்த மனுஷர். பசித்தால் "நாயே". விசிறி வேண்டுமென்றால் "நாயே". பார்க்க வந்தவர்களைக் கண்டு சந்தோஷம் வந்தால் கண்ணில் தண்ணீரோடு "நாயே, நாயே".

அக்கா பக்கத்திலேயே இருந்து பெயர்த்துச் சொல்வார். "வீட்ல எல்லாம் சௌக்கியமான்னு கேக்குறாரு." "காபி குடிச்சிட்டுத்தான் போவணும்ங்கறாரு."

கை கால் பயிற்சி கொடுக்கும் பெண்ணையும் மாமா அப்படித்தான் அழைத்தார். அக்கா அந்தப் பெண்ணிடம், "உன் கை ராசியான கைன்னு சொல்றாரும்மா" என்றார். அந்தப் பெண் வெட்கப்பட்டு மாமாவுக்கு நன்றி சொன்னது.

அந்தப் பயிற்சிக்கு ரிச்சர்ட்ஸ் டவுன் போக வேண்டும். ஆட்டோவில் மாமாவின் கால் மடங்காது. மகனுடைய புதுக் காரில் ஏறுவதற்குக் கால் அவ்வளவு உயரம் எழும்பாது. பழைய வெள்ளைக் காரின் முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டால் மட்டும்தான் மாமா உட்காருவார். உட்கார்ந்ததும் முகம் மாறும். இடது கையால் கதவைத் தட்டிக் கொடுப்பார். பயிற்சியால் மாமாவுக்கு எவ்வளவு குணம் வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் போகிற வழியில் அந்த சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கும்போது அவர் நோயாளியாகத் தெரியமாட்டார். வேறு யாரையோ ஓட்டவிட்டுத் தான் மேற்பார்வை பார்க்கிற டிரைவர் மாதிரிதான் இருப்பார்.

அந்த வண்டிதான் கொதிக்க ஆரம்பித்தது.

ஓடிக்கொண்டிருந்தால் பரவாயில்லை. சிக்னலில் நின்றால் போதும், முன்னால் சூடு காட்டுகிற சின்ன முள் மேலே ஏற ஆரம்பிக்கும். முள் பாதியைத் தாண்டினால் மாமா டேஷ்போர்டை இடது கையால் அறைந்து தன் வார்த்தையைச் சொல்வார்.

"தெரியுதுங்க. வெயில்தான், ஒண்ணும் இல்ல" என்பார் அக்கா.

என்னைக் கூட்டிப்போனது துணைக்கு என்று பெயர். நிஜத்தில் நான் பின் சீட்டில் மடியில் தண்ணீர்க் கேனை வைத்துக்கொண்டு போகிற ஆள். நின்ற இடத்தில் இறங்கி, ஆற விட்டு, ஊற்றுவோம். வீட்டில் வண்டி நிற்கிற இடத்தில் தண்ணீர் சொட்டும். அக்கா அதன் மேல் ஒரு கோணிப்பையை விரித்து வைப்பார், வண்டிக்குக் குளிராமல் இருக்கட்டும் என்பது போல.

இவ்வளவு மறைப்பும் மகனுக்காக. ஒயிட்ஃபீல்ட் பக்கம் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். தங்கமான பிள்ளை. ஒருதடவை வெயிலில் நடு ரோட்டில் வண்டி நின்று, மாமாவை இறக்க முடியாமல், யார் யாரோ சேர்ந்து தள்ளி ஓரம் கட்டினார்கள். அன்றைக்கு ஓடி வந்து பார்த்தவன் அழுதுவிட்டான். "இன்னொரு தடவை நின்னுதுன்னா ஸ்கிராப்புக்குப் போட்டுடுவேன்மா. அப்பா உள்ள மாட்டிக்கினா என்ன பண்ணுவ?" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அக்காவுக்கும் அது தெரியும். ஆனால் வண்டி போனால் மாமா வாசலைத் தாண்டமாட்டார். அதுவும் அவருக்குத் தெரியும்.

டீக்கடையில் யாரோ லாரிக்காரர் வண்டிக்கு ஊற்றுகிற தண்ணீரில் மஞ்சள்தூள் போட்டால் ஓட்டை அடைபடும் என்று சொல்லியிருக்கிறார். அக்கா என்னிடம் வந்து, "பாப்பா, உன் வீட்டு மஞ்சள் நல்ல மஞ்சளா?" என்றார். எதற்கு என்று கேட்காமல் டப்பாவோடு கொடுத்தேன். போட்டார். அந்த வாரம் அல்சூர் ஏரிக்கரை சிக்னலில் வண்டி பொங்கியது. பொங்கியதென்றால் கல்யாணத்து மஞ்சத்தண்ணி விளையாட்டு மாதிரி. பக்கத்தில் ஸ்கூட்டரில் நின்றவரின் வெள்ளைச் சட்டை முழுக்க மஞ்சள். புஸ்ஸென்று ஆவி சத்தம். அந்த நேரம் பார்த்து மகன் போன் செய்தான்.

"டீக்கடையில நிக்கறோம்டா."

"என்னம்மா சத்தம் அது?"

"பால் பொங்குது."

"யாரோ கத்தறாங்களே?"

"அவருக்கு சக்கரை போடாம குடுத்துட்டாங்க."

ஸ்கூட்டர்காரர் கத்திக்கொண்டே இருந்தார். அக்கா போனை வைத்துவிட்டு, தன் சேலைத் தலைப்பை நனைத்து அவர் சட்டையைத் துடைக்கப் போனார். அவர் பயந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாயின் ஷெட் அல்சூர் பக்கத்தில் ஒரு சந்தில் இருந்தது. நல்ல மனுஷர். உருது, கன்னடம், தமிழ் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். இரண்டு தடவை போய்க் காட்டினோம். இரண்டு தடவையும் பேனட்டைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரு ரவுண்டு ஓட்டிப்பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, போங்க" என்று அனுப்பிவிட்டார்.

எப்படி ஏதாவது தெரியும்? மெக்கானிக்கிடம் போவதற்கு முந்தின நாள் அக்கா செய்கிற வேலையை நான்தானே பார்த்தேன். வண்டியை வெளியே எடுக்காமல் ஆற விடுவார். கழுத்து வரைக்கும் தண்ணீர் ஊற்றுவார். ஒழுகின தடம் ஒன்றில்லாமல் துடைப்பார். பேனட்டைத் திறந்தால், முன்னால் சன்னமான தகடுகள் அடுக்கடுக்காக இருக்குமே, காற்று நுழைந்து தண்ணீரை ஆற்றுகிற ரேடியேட்டர், அதில் உப்பும் மஞ்சளும் பூத்திருக்கும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரும் புளியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அதைப் பித்தளைக் குடம் மாதிரி தேய்ப்பார். கடைசியில் ஒரு பொட்டு குங்குமம்.

"எதுக்குக்கா இவ்ளோ தேய்க்கறீங்க? அவரு பாக்கத்தானே போறாரு?" என்று ஒருதடவை கேட்டேன்.

"அதுக்குத்தான். நாலு பேர் வந்து போற எடத்துல அழுக்கா போயி நிக்குமா? பேசத் தெரியாத ஜீவன்."

மூன்றாவது தடவை போனபோது பாய் சிரித்துவிட்டார். "என்னாம்மா இது, வண்டி நிச்சயதார்த்தத்துக்கு வந்த மாரி வந்திருக்குது. எங்க சூடு? கை வெச்சுப் பாரு, ஐஸ்."

"அதான் பாய், லேசா..." என்று அக்கா ரோட்டைத் தாண்டக் கிளம்பினார்.

பாய் போகவில்லை. "சும்மா சும்னே டீ எல்லாம் வேணாம். இங்கயே சொல்லு." சொல்லிக்கொண்டே பின் சீட்டைப் பார்த்தார். நான் கேனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "அந்தம்மா மடில என்னா அது? ஊருக்குப் போறாங்களா?"

"அது அவ குடிக்கறதுக்கு" என்றார் அக்கா.

பாய் என் ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார். "இவ்ளோ குடிக்கறியாம்மா நீ?"

எனக்கு வியர்த்துவிட்டது. அக்கா பாயின் தோளுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். முன் சீட்டில் மாமா திரும்ப முடியாமல், கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சுகிற கண். அவருக்கு வண்டியின் நோய் தெரியும். சொல்லத்தான் ஒரு வார்த்தைக்கு மேல் கிடையாது. எனக்கு எல்லா வார்த்தையும் இருந்தும் வாயைத் திறக்கிற பழக்கம் இல்லை.

"வண்டிதான் குடிக்குது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "சிக்னல்ல நின்னா கொதிக்குது. ஒரு நடை போயி வர இந்தக் கேன் பத்தல. வீட்ல நிக்கும்போதும் சொட்டுது. தேச்சு எடுத்துக்கினு வந்தாங்க."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமா மட்டும் தன் வார்த்தையை உரக்கச் சொன்னார். அன்றைக்கு அதை யாரும் பெயர்க்கவில்லை.

பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார். "டாக்டர்கிட்ட போவும்போது பவுடர் போட்டுக்கினு போயி சிரிச்சா அவன் என்னா மாத்திரை குடுப்பான்? எறங்குங்க எல்லாரும். இன்னிக்கு இது இங்க கொதிக்கணும்."

ஷெட் பையன்கள் மாமாவைத் தாங்கி இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பாய் இஞ்சினை ஓடவிட்டு நிற்க வைத்தார். முள் ஏறியது. அக்காவால் பார்க்க முடியவில்லை. ஊசி போடும்போது குழந்தையை விட்டுத் திரும்பிக்கொள்கிற தாய் மாதிரி சுவரைப் பார்த்து நின்றார். ஷெட்டில் வேறு வண்டிக்காரர்கள் இரண்டு பேர் எட்டிப்பார்த்தார்கள். "போங்கப்பா, வேடிக்கை பாக்காதீங்க, உங்க வண்டியெல்லாம் கொதிச்சதே இல்லியா?" என்று சுவரைப் பார்த்தபடியே விரட்டினார்.

பாய் டார்ச் அடித்துத் தேடினார். பெல்ட்டுக்குப் பின்னால், தண்ணீரைச் சுற்றிவிடுகிற பம்ப் அடியில் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. "கிடைச்சிது" என்றார். இஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, தண்ணீரை அடியில் இறக்கினார். சேறு மாதிரி மஞ்சளாக வந்தது.

"அரே, உள்ள சாம்பார் வெச்சிருக்கீங்களா?"

பிறகு ரேடியேட்டரின் தகடுகளைத் தடவிப் பார்த்தார். எல்லாம் ஒரே பக்கமாகப் படிந்து, எண்ணெய் வைத்து வாரின தலை மாதிரி மடங்கிக் கிடந்தது. காற்று நுழைய இடமே இல்லை.

"இத யாரு தேச்சது?"

"நான்தான்" என்றார் அக்கா உடனே. "கம்பி நார் போட்டுத் தேச்சேன். மஞ்சளும் நான்தான் போட்டேன். வண்டி மேல தப்பு இல்ல பாய்."

"லீக்கு இத்தினிதான்மா" என்று பாய் விரல் நுனியைக் காட்டினார். "மத்தது எல்லாம் உன் வேலை. விட்டுட்டுப் போ. பம்ப் மாத்தறேன், உள்ள கழுவறேன். இந்தத் தகடெல்லாம் நிமிர்த்தணும், அதுக்கே ஒருநாள் ஆவும்."

"நிமிர்த்தறத நான் பண்றேன்" என்றார் அக்கா. கழற்றி வைத்த ரேடியேட்டரின் முன்னால் கோணியைப் போட்டு உட்கார்ந்து, பாய் கொடுத்த மெல்லிய தகட்டை வைத்து, பேன் பார்க்கிற மாதிரி வரிவரியாக நிமிர்த்த ஆரம்பித்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் என்னோடு பேசவில்லை. பிறகு, "கண்ணு தெரியல பாப்பா, இந்த வரிசைய நீ பாரு" என்று தகட்டை என்னிடம் நீட்டினார். கோபம் அதோடு போயிற்று. சாயங்காலம் ஷெட் பையன்கள் மாமாவை நாற்காலியோடு தூக்கி, சாமான் ஏற்றுகிற டெம்போவில் வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

வண்டி ஷெட்டில் இருக்கும்போதே மகன் சொல்லாமல் வந்து நின்றான். வண்டி நிற்கிற இடம் காலி. கோணிப்பை மட்டும் கிடந்தது.

"வண்டி எங்கம்மா?"

"கோயிலுக்குப் போயிருக்கு."

"தனியாவா?"

அக்கா கோணிப்பையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். அவன் என்னைப் பார்த்தான். என்னிடமிருந்த பேச்சை எல்லாம் ஷெட்டிலேயே செலவு செய்துவிட்டேன். தரையைப் பார்த்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது.

கத்தவில்லை அவன். அப்பாவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டான். எழுந்தபோது, "திங்கக்கிழமை பயிற்சிக்கு நானும் கூட வரேன்" என்றான். "நல்லா ஓடிச்சுன்னா இனிமே நான் வாயே தொறக்க மாட்டேன். வழியில எங்கயாவது கொதிச்சு நின்னுதுன்னா அங்கயே ஸ்கிராப்காரனக் கூப்ட்ருவேன். என்னால ஆபீஸ்ல உக்காந்து பயந்துக்கினே இருக்க முடியலம்மா."

அக்கா சரி என்று தலையாட்டினார்.

திங்கட்கிழமை அக்கா வண்டியைக் கழுவவில்லை. பாய் கொடுத்தபடியே, கைரேகைக் கறையோடு எடுத்தார். மாமா முன் சீட்டில். மகன் என் பக்கத்தில், கையில் போன். என் மடியில் கேன் இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கென்று பார்த்து அப்படி ஒரு டிராஃபிக். ரோட்டைப் பாதி தோண்டிப் போட்டிருந்தார்கள். பாலத்துக்கு முன்னால் பஸ்ஸும் ஆட்டோவும் பின்னிக்கொண்டு நின்றன. வெயில். முள் மெதுவாக எழுந்து நடுவுக்கு வந்தது. மகன் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி முள்ளைப் பார்த்தான். மாமா முள்ளைப் பார்த்தார். நானும் எட்டி முள்ளைப் பார்த்தேன். உள்ளே எங்கேயோ விசிறி சுற்ற ஆரம்பிக்கிற சத்தம் கேட்டது. முள் நின்றது. ஒரு நூல் இறங்கவும் இறங்கியது.

"பாத்தியா?" என்றார் அக்கா. அவரும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு பேரில் ஒருவரும் ரோட்டைப் பார்க்கவில்லை. முன்னாலிருந்த ஆட்டோ நகர்ந்து, மறுபடி நின்றிருக்கிறது. நாங்கள் நகர்ந்தோம், நிற்கவில்லை. டக்கென்று ஒரு சத்தம்.

ஆட்டோக்காரர் இறங்கி வந்தார். ஆள் உயரம், மீசை பெரிசு. "ஏனம்மா, கண்ணு காணல்வா?" என்று, கண் தெரியவில்லையா எனக் கன்னடத்தில் தொடங்கினார்.

அக்கா கதவைத் திறந்து இறங்கி அவர் எதிரில் போய் நின்றார். அவரும் கன்னடத்திலேயே, தப்பு என்னுடையதுதான் அண்ணா, ரோட்டைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன் என்றார். அதோடு நிறுத்தினார். ஒரு சாக்கும் சொல்லவில்லை. இவ்வளவு காலத்தில் இரண்டு வரியில் முடிந்த பேச்சு அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஆட்டோக்காரர் பெரிய சண்டைக்குத் தயாராக வந்தவர். எல்லாம் வீணாகிவிட்டது. மீசையைத் தடவிக்கொண்டு தன் ஆட்டோவின் பின்பக்கத்தைப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. அவருக்கே கூச்சமாகப் போய், உங்கள் வண்டிக்கு என்ன ஆயிற்று அம்மா என்று கேட்டார்.

"ஏனு இல்லா அண்ணா, ஏனு இல்லா" என்றார் அக்கா. ஒன்றும் இல்லையாம். சொல்லிக்கொண்டே இரண்டடி நகர்ந்து, இடது பக்க விளக்கை மறைத்தபடி நின்று, சேலைத் தலைப்பை அகலமாக விரித்துவிட்டார். அவர் காலடியில் கண்ணாடித் துண்டுகள் வெயிலில் மின்னின. செருப்பு நுனியால் ஒவ்வொன்றாக வண்டிக்கு அடியில் தள்ளினார்.

மகன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "சின்னம்மா, லைட்டு ஒடஞ்சுடுச்சா?"

அவன் கையில் போன் இருந்தது. முன் சீட்டில் மாமா கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"முள்ளு நடுவுலயேதான் நிக்குது தம்பி" என்றேன்.

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். போனைச் சட்டைப் பையில் போட்டான். கதவைத் திறந்து இறங்கிப் போய், அம்மாவின் பக்கத்தில், சேலை எட்டாத இடத்தை மறைத்துக்கொண்டு நின்றான்.